வாள்காரிக்கு என்ன இடம்?

என் கடையில் மூன்று பிளாஸ்டிக் கதிரைகள் இருந்தன. இறாலக்கா ஏழெட்டு வருடம் அந்தக் கடைக்கு வந்துபோனார். ஒரு நாளாவது அவற்றில் உட்கார்ந்ததில்லை. "இரிங்கக்கா" என்றால், "இரிந்தா எழும்ப மனம் வராது புள்ள" என்பார். நின்ற இடத்திலும் நிற்கமாட்டார். கதவடியிலிருந்து என் மேசைவரை வருவார். பிறகு முகத்தைத் திருப்பாமலே பின்னடி வைத்துக் கதவடிக்குப் போவார். முதுகுக்குப் பின்னால் ஆள் நடமாடினால் எனக்கு விரல் தடுமாறும். எத்தனையோ தடவை அவர்மேல் எரிந்து விழுந்திருக்கிறேன். அவர் கோபித்ததுமில்லை, நடையை நிறுத்தியதுமில்லை.

அவருடைய பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினால் சந்தோஷப்படுவார் என்று தெரியும். ஒரு ஆளின் பெயர் விட்டுப்போவதைப்போல அவருக்குப் பிடிக்காத காரியம் வேறில்லை. எனக்குத்தான் இன்னும் அந்தத் துணிவு முழுதாக வரவில்லை.

தன்னாமுனையில் தோணிக்காரரிடம் விடிய வெள்ளென இறால் வாங்குவார். அலுமினியச் சட்டியில் போட்டு, ஈரச் சாக்கால் மூடி, பஸ் ஏறி டவுனுக்கு வருவார். தெருத்தெருவாக நடந்து விற்பார். என் கடை டவுனில், வாவியைப் பார்த்த ஒரு சின்னத் தெருவில் இருந்தது. தொலைபேசி எடுக்கலாம், போட்டோக்கொப்பி அடிக்கலாம், கடிதம் அடித்துக் கொடுப்பேன், இணையமும் இருந்தது. சண்டை நின்று பாதைகள் திறந்திருந்த காலம் அது. பள்ளிக்கூடச் சோதனை முடிவு வெளியாகும் நாட்களில் கடைக்குள் கால் வைக்க இடமிருக்காது. பரீட்சைச் சுட்டெண்ணைச் சொல்லச் சொல்ல நான் அடித்துக்கொண்டிருப்பேன். தாய்மார் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து அழுவார்கள், சிரிப்பார்கள்.

அப்படியொரு நாளில்தான் அவர் முதன்முதல் வந்தார். சட்டியை வெளியே சுவரோரம் வைத்தார். சவர்க்காரம் கேட்டு வாங்கிக் கைகழுவி, சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, மடித்த கடதாசி ஒன்றை நீட்டினார்.

"தங்கச்சி, ரிசல்ட் ஒண்டு பார்க்கோணும்."

"சுட்டெண்ணச் சொல்லுங்க."

"சுட்டெண் இல்ல புள்ள, பேர்தான் இரிக்கு. குவைத்துப் புள்ள. வாள் விளையாடுற. வெளிநாட்டில பெரிய போட்டி நடந்திரிக்கு. வெண்டாவா தோத்தாவா எண்டு தெரியோணும்."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. சோதனைப் பிள்ளைகள் எல்லாம் முடியட்டும், பின்னேரம் வாங்க என்று விரட்டாத குறையாகச் சொன்னேன். அவர் போகவில்லை. இரண்டரை மணித்தியாலம் கதவடிக்கும் மேசைக்கும் இடையில் நடந்தார். வெளியே இறால் வெயிலில் கிடந்து மணத்தது.

கடைசியில் என் கோபம் தோற்றது. கடதாசியை விரித்தேன். ஒரு பிள்ளையின் ஆங்கிலக் கையெழுத்தில் ஒரு பெயர் இருந்தது. அந்த நாளைய இணையம் ஒரு பக்கத்தைக் காட்ட ஒரு கோப்பைத் தேநீர் குடித்து முடிக்கிற நேரம் எடுக்கும். தேடித்தேடி அந்தச் சர்வதேச வாள்வீச்சுப் போட்டியின் முடிவுப் பட்டியலைப் பிடித்தேன். முதல் இடம், இரண்டாம் இடம் என்று மேலிருந்து கீழே வந்தது. முதற்பக்கத்தில் அந்தப் பெயர் இல்லை.

"தோத்தித்தா போல அக்கா" என்றேன்.

"கீழ போ புள்ள."

கீழே போனேன். மொத்தம் அறுபத்துமூன்று பேர். அவர் தேடிய பிள்ளை ஐம்பத்தெட்டாம் இடத்தில் இருந்தாள். அவருக்கு ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன். அவருடைய முகத்தைப் பார்த்தேன், பெருநாள் மாதிரி இருந்தது.

"இன்னும் கீழ போ. ஆக்கடைசி ஆரு?"

அறுபத்துமூன்றாவதாக ஏதோவொரு நாட்டுப் பிள்ளையின் பெயர் இருந்தது. எனக்கு வாசிக்கக்கூட வரவில்லை. அவர் கழுவிய விரலைத் திரைக்குக் கிட்டக் கொண்டுபோனார், தொடவில்லை.

"பாத்தியா புள்ள, ஒருத்தரையும் உடல்ல. ஒரு விளையாட்டும் வெல்லாத புள்ளைட பேரையும் போட்டிரிக்கானுகள். அந்தப் புள்ளைட அம்மா இதப் பாத்தா, என்ட மகள் இவடத்தத்தான் நிண்டவ எண்டு தெரிஞ்சிக்குவா. அது போதாதா?"

அந்தப் பக்கத்தைப் பிரின்ட் எடுத்துத் தரச் சொன்னார். மடித்து நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு, பழுதாகிக்கொண்டிருந்த இறாலைத் தூக்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போனார்.

அதன் பிறகு இரண்டு மாதத்துக்கொரு தடவையாவது அதே கேள்வியோடு வந்து நிற்பார்: "வாள்காரிக்கு என்ன இடம்?" வாள்காரி என்பது அவர் வைத்த பெயர். குவைத்தில் எட்டு வருடம் வேலைக்கு நின்ற வீட்டில் வளர்த்த பிள்ளை அவள். அந்த வீட்டு எசமானியை வேலைக்காரப் பெண்கள் 'மாமா' என்றுதான் கூப்பிடுவார்கள்; அந்த மாமா பிள்ளையைப் பெற்றதோடு சரி. பாடசாலைக்கு அனுப்புவது, தலைவாருவது, பின்னேரத்தில் வாள் பையைத் தூக்கிக்கொண்டு பயிற்சி மண்டபத்துக்குப் போவது எல்லாம் இறாலக்காவின் வேலை. மண்டபத்திலும் வேலைக்காரப் பெண்களுக்கு உட்கார இடமில்லை. அந்த நீளமான பாதையின் ஓரத்தில் பிள்ளை முன்னால் போனால் இவரும் முன்னால், பிள்ளை பின்வாங்கினால் இவரும் பின்னால். அந்த நடைதான் என் கடைக்குள்ளும் வந்தது.

ஒரு நாள் வரிசையில் நின்றவர்கள் வாயைக் கிளறினார்கள். என் மேசையில் கிடந்த, கோடு போடும் அடிமட்டத்தை எடுத்து, வலக்காலை முன்வைத்து, முழங்காலை மடித்து, இடக்கையைப் பின்னால் தூக்கி நின்றார். இறால் விற்கிற பொம்பிளை என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

"வெட்டுறல்ல, தொடுறது. நுனி பட்டாப் போதும். முதுகால ஒரு வயர் போகுது. பட்டவுடன விளக்கு எரியும், ஒருத்திக்குப் பச்சை, மத்தவக்குச் சிவப்பு."

"நோகாதா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"நோகும். அதுக்காக ஆரும் சாகிறல்ல."

அவர் திரும்பத் திரும்பச் சொன்ன கதையொன்று உண்டு. ஒரு தடவை வயரில் ஏதோ கோளாறு. எதிராளியின் வாள் வாள்காரியின் தோளில் பட்டது, விளக்கு எரியவில்லை. நடுவர் காணவில்லை. மண்டபத்தில் ஒருவரும் காணவில்லை. வாள்காரி தானாகக் கையைத் தூக்கினாள், எனக்குப் பட்டது என்று. அந்த ஒரு புள்ளியால் தோற்றாள். மாமா காரில் ஏறியதும் பிள்ளையின் கன்னத்தில் அறைந்தாள்.

"நான் மறுகா குசினிக்குள்ள வெச்சு அவவக் கொஞ்சினன். பட்டது எண்டு பட்டவதான் கை தூக்கோணும். அந்த விளையாட்டில அதுதான் மரியாதை. முடிஞ்சாப் போல கையும் குடுக்கோணும். தோத்தவட கையப் பிடிக்காமப் போனா, வெண்டவளுக்குத்தான் குத்தம் எழுதுவானுகள்."

எனக்கு இந்த அரபுப் பிள்ளைமேல் ஒரு எரிச்சல் இருந்தது. ஊரான் பிள்ளைக்கு இவ்வளவு மாய்கிறாரே, சொந்தமாக ஒன்றுமில்லையா என்று ஒரு நாள் வாய்விட்டே கேட்டுவிட்டேன். அவர் கதவடியில் நின்றார். வெளியே வாவியைப் பார்த்தபடி சொன்னார். ஒரு மகள் இருந்தாள். வாள்காரிக்கும் அவளுக்கும் ஒரே வயது. புருஷன் இல்லை. ஏழு வயதுப் பிள்ளையைக் கல்லடிக் கடற்கரையில் இருந்த தங்கச்சி வீட்டில் விட்டுவிட்டுத்தான் குவைத்துக்குப் போனார். மகளின் பதினைந்தாம் வயதில் இயக்கம் அவளைத் தன் படைக்குக் கொண்டுபோனது. அந்தச் செய்தி கேட்டுத்தான் வேலையை விட்டு ஓடிவந்தார்.

"நான் அங்க ஒரு புள்ளைக்கு வாள் சுமந்துகொண்டு திரிஞ்சன். இஞ்ச என்ட புள்ளைட கையில துவக்கக் குடுத்தித்தானுகள்."

அந்த வசனத்தை அவர் ஒரேயொரு தடவைதான் சொன்னார். நான் கேட்டிருக்கக்கூடாது என்று நினைத்தேன், இப்போதும் நினைக்கிறேன்.

அடுத்த சித்திரையில் இயக்கத்துக்குள் பிரிவு வந்தது. எங்கள் பக்கத்துப் பிள்ளைகளை வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். வாகரைப் பாதையால் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக நடந்து வந்தார்கள், யாரோ கொடுத்த சட்டையும் சாரமுமாக. இறாலக்கா பதினொரு நாள் சந்தியில் நின்றார். ஒவ்வொரு பிள்ளையாக நிறுத்திக் கேட்டார். கடைசியில் ஒரு பிள்ளை சொன்னாள், அவவ முந்தியே வன்னிக்கு அனுப்பித்தாங்க அன்ரி என்று. பன்னிரண்டாம் நாள் அவர் மறுபடி இறாலோடு வந்தார். "வாள்காரிக்கு என்ன இடம்?" என்று கேட்டார். ஐம்பத்தொன்று என்றேன்.

அந்த வருட முடிவில் கடல் வந்தது. அன்று அவர் தங்கச்சி வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார், கல்லடிப் பாலத்தில் கால் வைத்திருந்தார். அதனால் தப்பினார். தங்கச்சி தப்பவில்லை. அந்த லேனில் நாற்பத்தாறு வீடு. மிஞ்சியவர்களைப் பாடசாலையொன்றில் வைத்திருந்தார்கள். ஆளுக்கொரு பட்டியல் சுவரில் ஒட்டினார்கள். ஆஸ்பத்திரி ஒன்று, கோயில் ஒன்று, வெளிநாட்டுக்காரர் ஒன்று. ஒன்றில் இருந்தவர் மற்றதில் இல்லை. இறாலக்கா எல்லாவற்றையும் வாசித்துவிட்டு, சுவரில் கையால் அடித்துக் கத்தினாராம், "இதென்ன பட்டியல்? பாதிப் பேர எங்க?" என்று.

பிறகு தானே ஒரு கொப்பியை வாங்கினார். அந்த லேனின் நாற்பத்தாறு வீட்டையும் வீடுவீடாக, ஆள் ஆளாக எழுதினார். எழுதி எழுதி என்னிடம் கொண்டுவருவார். மின்சாரம் இல்லை, பக்கத்துக் கடை ஜெனரேட்டரில் நான் அடிப்பேன். பெயருக்கு நேரே மூன்று கூடு போட்டேன். உயிருடன், இறந்தவர், காணாமற்போனவர். ஏதாவது ஒன்றில் ஒரு சரி அடையாளம்.

"ஆரையும் உடப்படாது புள்ள. செத்தவங்களையும் எழுது. கைப்புள்ளையையும் எழுது. பேர் வைக்காத புள்ளை எண்டா அம்மாட பேரப் போட்டு, அவட புள்ள எண்டு எழுது."

கடைசி வீடு தங்கச்சியின் வீடு. தங்கச்சியின் பெயரைச் சொன்னார், இரண்டாம் கூட்டில் அடையாளம் போட்டேன். மூச்சை இழுத்துவிட்டு மகளின் பெயரைச் சொன்னார். எட்டு வருடம் அந்த வீட்டில் வளர்ந்த பிள்ளை, அந்த வீட்டுக் குடும்ப அட்டையில் உள்ள பெயர், விடுவதற்கு நியாயமில்லை. ஆனால் எந்தக் கூடு?

உயிருடன் என்று போட்டால், ஆளைக் காட்டு என்பார்கள். ஆள் வன்னியில், இயக்கத்தில். அதைத் தாளில் எழுதிக் கொடுத்தால் நாளைக்கு யார் கையில் போய்ச் சேரும் என்று யாருக்குத் தெரியும்? என் தம்பியை ஒரு தடவை விசாரணைக்கென்று கொண்டுபோய் ஐந்து மாதம் வைத்திருந்தார்கள். எனக்கு அந்தப் பயம் எப்போதும் நகக்கண்ணில் இருந்தது. இறாலக்கா நடந்துகொண்டே இருந்தார். நான்தான் சொன்னேன், "மூன்றாவதில போடுவம் அக்கா. ஆள் இஞ்ச இல்லத்தானே. இப்போதைக்கு அப்பிடி இரிக்கட்டும்."

அவர் நடையை நிறுத்தினார். "உனக்குத்தான் எழுத்து வேலை தெரியும். பேர் இரிந்தாச் சரி" என்றார். நான் விசையை அழுத்தினேன்.

கிராம சேவகர் முதலில் ஏசினார், இதெல்லாம் உங்கட வேலையா என்று. பிறகு அந்தப் பட்டியலைப்போலச் சுத்தமான பட்டியல் வேறில்லை என்று கண்டதும், ஒரு பிரதி கேட்டு வாங்கிக்கொண்டு போனார். அங்கிருந்து அது பிரதேச செயலகத்துக்குப் போனது. அரசாங்கத்தின் பட்டியலாகிவிட்டது. எங்கள் இருவருக்கும் அதில் ஒரு பெருமைகூட இருந்தது.

கடல் வன்னிக் கரையையும் அடித்திருந்ததால் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. மாசி மாதம் இறாலை மிளகாய்த்தூளில் பொரித்து ஹோர்லிக்ஸ் போத்தலில் அடைத்து, மூன்று பஸ் மாறி வன்னிக்குப் போனார். இயக்க முகாம் ஒன்றின் வாசலில் நின்றார். பார்க்க விடவில்லை. வாசலில் நின்ற பிள்ளை போத்தலை மட்டும் வாங்கினாள். "வாங்கினா எண்டா, குடுக்க ஆள் இரிக்கெண்டுதானே புள்ள?" என்று என்னிடம் பத்துத் தடவையாவது கேட்டிருப்பார். சித்திரைக்குப் பிறகு யாரோ ஒருவர் மூலம் வெறும் போத்தல் திரும்பி வந்தது. உள்ளே ஒரு துண்டுக் கடதாசி. "அம்மா, உறைப்புக் காணாது."

அன்றைக்கு அவர் என் கடைக்குள் நடந்த நடையை நான் மறக்கமாட்டேன். முன்னால் மூன்று அடி, பின்னால் ஒன்று, முகமெல்லாம் சிரிப்பு. "எழுத்து அவடதான். வாய்த் துடுக்கும் அவடதான். உறைப்புக் காணாதாம்!" அந்தத் துண்டை வாள்காரியின் முடிவுத் தாள்களோடு ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் வைத்துக்கொண்டார்.

சில மாதம் கழித்துச் செயலகத்திலிருந்து அவருக்கு ஆள் அனுப்பினார்கள். கடலில் காணாமற்போனவர்களுக்கு மரணச் சான்றிதழ் கொடுக்கிறோம், வந்து மகளுடையதை வாங்குங்கள் என்று. என் கடைக்குள் புயலாக வந்தார். "உசிரோட இரிக்கிற புள்ளைக்குச் செத்த கடதாசியாம். மாத்து புள்ள, அந்தப் பட்டியல மாத்து."

மாற்றுவதென்றால் அவள் எங்கே இருக்கிறாள் என்று எழுதவேண்டும். நான் சொன்னேன், "நீங்க வாங்காட்டிச் சரிதானே அக்கா. வாங்காம இரிங்க. அது அப்பிடியே கிடக்கும்." அவர் வாங்கவில்லை. அது அப்படியே கிடந்தது. என் வாழ்க்கையில் நான் சொன்ன மோசமான யோசனைகள் இரண்டும் ஒரே ஆளுக்குச் சொன்னவை.

பிறகு பாதைகள் மூடின. மறுபடியும் சண்டை. முதலில் எங்கள் பக்கம், பிறகு வன்னி. வாள்காரி நாற்பத்துநான்குக்கு வந்தாள், முப்பத்தேழுக்கு வந்தாள். இணையம் இப்போது வேகமாகிவிட்டது, கேட்ட உடனே சொல்லிவிடுவேன். இறாலக்கா கேட்டுவிட்டு உடனே போகமாட்டார். என் திரையில் வேறு ஏதாவது செய்தி வருகிறதா என்று பார்த்தபடி நடப்பார். வன்னியைப் பற்றி அவரும் கேட்கமாட்டார், நானும் சொல்லமாட்டேன்.

கடல் வந்து நாலு வருடம் கழிந்த வைகாசியில் சண்டை முடிந்துவிட்டதென்று அறிவித்தார்கள். டவுனெங்கும் வெடி கொளுத்தினார்கள். சந்தியில் பாற்சோறு கொடுத்தார்கள். கடைகளில் கொடி கட்டச் சொன்னார்கள், நானும் கட்டினேன். பகல் பன்னிரண்டு மணியளவில் இறாலக்கா வந்தார். சட்டி இல்லாமல் அவரைக் கண்டது அதுதான் முதல் தடவை.

"முடிவு சொல்லித்தானுகள்தானே புள்ள?"

"ஓமக்கா."

"அப்ப பட்டியல் எங்க?"

எனக்கு விளங்கியது. விளங்காத மாதிரி "என்ன பட்டியல்?" என்றேன்.

"தோத்தவங்கட பட்டியல். வெண்டது ஆரெண்டு வெடி போட்டுச் சொல்றானுகள். தோத்த புள்ளைகள் எத்தின, என்னென்ன பேர், எவடத்த நிண்டவங்க எண்டு ஒரு தாள் வராதா? ஐம்பத்தெட்டாவது புள்ளைட பேர எனக்கு இஞ்ச இருந்து எடுத்துத் தந்தாய்தானே."

நான் எழுந்து கதவைச் சாத்தினேன். "மெதுவாப் பறையுங்கக்கா" என்று அவர் வாயைப் பொத்தாத குறையாகச் சொன்னேன். வெளியே வெடிச் சத்தம் ஓயவில்லை. அவர் சாத்திய கதவுக்கும் மேசைக்கும் இடையில் நடந்தார்.

பிறகு வவுனியாவுக்குப் போனார். முட்கம்பி முகாம்களின் வெளியே நாட்கணக்கில் நடந்தார். ஒரு அரசாங்கக் கந்தோரில் மகளின் பெயரையும் குடும்ப அட்டை இலக்கத்தையும் கொடுத்தார். அங்கிருந்தவர் கணினியில் பார்த்துவிட்டு, இவ சுனாமியில் காணாமற்போனவ என்று பதிவு இருக்கு, ஒரு ஆளை இரண்டு தடவை காணாமல் ஆக்க ஏலாது அம்மா, அடுத்த ஆள் வாங்க, என்றாராம்.

இதைச் சொல்லும்போது அவர் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

"நீ ஒருக்கா வந்து சொல்லு புள்ள. நீதான் அடிச்சது, பயத்தில அடிச்சது எண்டு. என்ட சொல்ல எடுக்கிறானுகள் இல்ல. தாய் அப்பிடித்தான் சொல்லுவா எண்டு சொல்றானுகள்."

அது ஆட்களைத் தூக்கிப்போகும் வெள்ளை வான் திரிந்த காலம். தம்பியை மறுபடி தேடுவார்களோ என்று அம்மா நித்திரையில்லாமல் இருந்தார். நான் சொன்ன சாட்டுகளை இப்போது எழுதவும் வெட்கமாக இருக்கிறது. பழைய கணினி பழுதாகிவிட்டது, அந்தக் கோப்பு அழிந்துவிட்டது, கடையை யார் பார்ப்பது. கோப்பு அழியவில்லை. அந்த நிமிடமும் என் முன்னால்தான் இருந்தது. அவர் என் முகத்தையே பார்த்தார். "சரி புள்ள, போய்த்து வாறன்" என்றார். வரவில்லை.

ஒரு வருடத்துக்கு மேல் வரவில்லை. வேறு தெருவால் இறால் விற்கிறார் என்று கேள்விப்பட்டேன். கதவடிக்கும் மேசைக்கும் இடையில் யாரும் நடக்கவில்லை. என் விரல் தடுமாறவில்லை, வேலை சுத்தமாக நடந்தது, எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. ஒரு நாள் யாரும் கேட்காமலே வாள்காரியைத் தேடினேன். பத்தொன்பதாம் இடத்தில் இருந்தாள். பிரின்ட் எடுத்து மேசை லாச்சிக்குள் வைத்தேன். லாச்சியைத் திறக்கும்போதெல்லாம் அது கண்ணில் பட்டது.

காணாமற்போனவர்களைப் பற்றி விசாரிக்கக் கொழும்பிலிருந்து ஆட்கள் வருகிறார்கள், மண்டபத்தில் வைத்துத் தாய்மாரிடம் முறைப்பாடு எடுக்கிறார்கள் என்று செய்தி வந்தது. அன்று காலை கடையைத் திறக்கவில்லை. லாச்சிக்குள் இருந்த தாளை எடுத்துக்கொண்டு போனேன். அவருக்குக் கொடுத்துவிட்டு வந்துவிடலாம் என்றுதான் போனேன், வேறு எண்ணம் இருந்ததாகப் பொய் சொல்லமாட்டேன்.

மண்டபம் நிறையக் கதிரை, கதிரை நிறையத் தாய்மார், எல்லோர் மடியிலும் படம். இறாலக்கா சுவரோரமாக நடந்துகொண்டிருந்தார். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். அவர் என்னைக் காணவில்லை. வாசலில் சிவில் உடுப்பில் இரண்டு பேர் நின்று போகிறவர் வருகிறவரைக் குறித்துக்கொண்டிருந்தார்கள்.

அவருடைய இலக்கத்தைக் கூப்பிட்டார்கள். மேசைக்கு முன்னால் போய் நின்றார். அதிகாரி சிங்களத்தில் கேட்டார், பக்கத்தில் இருந்தவர் தமிழில் சொன்னார். கோப்பைப் புரட்டினார்கள். நான் எதிர்பார்த்த இடத்திலேயே விரல் நின்றது.

"இது சுனாமிப் பட்டியலில் இருக்கிற பெயர், அம்மா."

இறாலக்கா பிளாஸ்டிக் உறையிலிருந்து அந்தத் துண்டை எடுத்துக் கொடுத்தார். "இது அதுக்குப் புறகு வந்தது ஐயா. என்ட புள்ளைட எழுத்து."

"அம்மா, உறைப்புக் காணாது" என்று அந்தத் தமிழர் சத்தமாக வாசித்தார். யாரோ சிரித்தார்கள், உடனே அடங்கினார்கள். "திகதி இல்லை. கையெழுத்து இல்லை. இதை வைத்து என்ன செய்கிறது? அந்தப் பட்டியலைத் தயாரித்தது யார்?"

அவர் என் பெயரைச் சொல்லியிருக்கலாம். கடையின் பெயரையும் தெருவையும் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "நான்தான் ஐயா, கொப்பியில எழுதினன்" என்றார்.

"இது தட்டச்சுச் செய்தது. செய்தது யார்?"

இறாலக்கா பிளாஸ்டிக் உறையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தார். ஒரு அடி பின்னால் வைத்தார். அந்தப் பின்னடியைக் கண்டதும் என் கை தானாக மேலே போய்விட்டது. வாய் திறக்க முதலே கை தூக்கியாயிற்று. முழு மண்டபமும் திரும்பிப் பார்த்தது.

"நான்தான் அடிச்சது" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை, மறுபடி சொன்னேன். "அந்தப் புள்ள கடலால போகல்ல. இயக்கத்தில இருந்தவ, வன்னியில. பயத்தில நான்தான் அந்தக் கூட்டுக்குள்ள போட்டன். இவ போடச் சொல்லல்ல."

வாசலில் நின்றவர்கள் எழுதினார்கள். அவர்கள் பிறகு கடைக்கு வந்தார்கள், இரண்டு தடவை கேட்டார்கள், தம்பியைப் பற்றியும் கேட்டார்கள், போனார்கள். அதையும் தாங்கிக்கொள்ள முடிந்தது. அந்தப் பிள்ளையைப் பற்றி இன்றுவரை யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

ஆனால் அன்று அந்த அதிகாரி பேனாவை எடுத்தார். பழைய தாளில் ஒரு கோடு கிழித்துப் பக்கத்தில் ஏதோ எழுதினார். புதிய தாள் ஒன்றை இழுத்து, பெயரைச் சொல்லச் சொன்னார். இறாலக்கா சொன்னார். ஒவ்வொரு எழுத்தாக, சுட்டெண் சொல்வதைப்போல, பிழைவிடாமல் சொன்னார். எழுதி முடித்ததும் தலையை நீட்டி அந்தத் தாளைப் பார்த்தார். கழுவிய விரலால் தொடாமல் பார்த்தார்.

பிறகு வரிசைகளுக்கு நடுவால் நேரே என்னிடம் நடந்து வந்தார். எனக்கு எழும்பி ஓடிவிட வேண்டும் போலிருந்தது. பக்கத்தில் நின்று, "வாள்காரிக்கு என்ன இடம்?" என்றார். தாளைக் கொடுத்தேன். பத்தொன்பது என்றேன். வாங்கிப் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்தார். என் வலக்கையைப் பிடித்தார், விடவில்லை. பிடித்தபடியே பக்கத்தில் கிடந்த கதிரையை இழுத்துப் போட்டு அதில் உட்கார்ந்தார்.

"கால் நோகுது புள்ள" என்றார்.